நீளமான ஆங்கிலச் சொல்லா? இரண்டு வெட்டு வெட்டுங்க!



ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கும்போது நீளமான சொல் வந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவிடுறோம். இனிமே தாவ வேண்டாம். அதற்கு வழி நம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது.

‘நடந்தான்’ என்ற சொல்லைப் பாருங்கள்.

அசை பிரித்தால்: நடந் / தான் (நிரை, நேர்)
பகுபதமாகப் பிரித்தால்: நட + த்(ந்) + த் + ஆன்

சொல் ஒன்று, வெட்டு இரண்டு. முதல் வெட்டு ஓசைக்கு. இரண்டாம் வெட்டு பொருளுக்கு. ஆங்கிலத்திலும் இதேதான்!

நம்ம ஊருக்கு மேலே மலையில், கொடைக்கானலில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறதல்லவா? சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் என்ற அறிஞர் கண்டுபிடித்தது அங்கேதான். அதன் ஆங்கிலப் பெயர் ‘அப்சர்வேட்டரி’. ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்து! இதை வெட்டுவோம்.

ஓசை வெட்டு: அப் / சர் / வ / ட / ரி. மொத்தம் ஐந்து அசை. ஆங்கிலத்தில் எல்லா அசையையும் ஒரே மாதிரி சொல்லக் கூடாது. ஒன்றை மட்டும் அழுத்த வேண்டும். இங்கே அது ‘சர்’. நாம் ‘வேட்’ என்று நீட்டுகிற இடம் உண்மையில் லேசாகத்தான் ஒலிக்கும். ஆனால் ‘அப்சர்வேஷன்’ என்று மாறினால் அழுத்தம் ‘வே’க்கு ஓடிவிடும். ‘ஷன்’ என்று முடியும் சொற்களில் அதற்கு முந்தைய அசையை அழுத்துங்கள்.

பொருள் வெட்டு: அப் + சர்வ் + ஏட் + ஓரி. ‘சர்வ்’ என்றால் லத்தீனில் காத்தல், கவனித்தல். ‘ரிசர்வ்’, ‘பிரிசர்வ்’ எல்லாவற்றிலும் இருப்பது இந்தப் பகுதிதான். ‘ஓரி’ என்ற விகுதி இடத்தைக் குறிக்கும். ஆகவே, கவனிக்கும் இடம்!

கவனித்தீர்களா? ஓசை வெட்டில் ‘வ்’ மூன்றாம் அசைக்குப் போனது. பொருள் வெட்டில் ‘சர்’ருடன் ஒட்டிக்கொண்டது.

எதற்கு இரண்டு வெட்டு? ஓசை வெட்டு வாய்க்கு, பொருள் வெட்டு கைக்கு. பேசும்போது ‘ட’ லேசாக ஒலிப்பதால் அங்கே எந்த எழுத்து என்று குழப்பம் வரும். ‘ஓரி’ தெரிந்தவர் யோசிக்காமல் ‘ஓ’ போடுவார். ‘ஃபேக்டரி’, ‘லேபரட்டரி’, ‘டார்மிட்டரி’ எல்லாவற்றுக்கும் அதே ‘ஓ’தான். ஒன்று படித்தால் நான்கு லாபம்!

பயிற்சி: ‘எக்ஸாமினேஷன்’. எத்தனை அசை? அழுத்தம் எங்கே? கண்டுபிடித்து, வகுப்பில் சத்தமாகச் சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி