பத்து மணிப் பூவுக்கும் அந்திமந்தாரைக்கும் நடுவே

அன்புள்ள தம்பிக்கு,

கோடை விடுமுறையில் பகல் பொழுதை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். மாடியில் நாலு பூந்தொட்டி வை, மத்தியானத்தில் கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியை எடுத்து அந்தப் பூக்களையே நூலால் தைத்துப் பார் என்று சொன்னால் முகம் சுளிப்பாய். தெரிந்தேதான் சொல்கிறேன். பூந்தோட்டமும் பூத்தையலும் தனித்தனியே இருந்தால் முதலாவது தண்ணீர் ஊற்றும் வேலையாகவும் இரண்டாவது கட்டம் நிரப்பும் வேலையாகவும் சுருங்கிவிடும். இரண்டையும் ஒரே நாளுக்குள் அடுத்தடுத்து வைத்துச் செய்தால் அது கண்ணுக்கு ஒரு படிப்பு. அந்தப் படிப்புக்குக் கோடையைப் போலத் தோதான பருவம் வேறில்லை என்பது என் கட்சி. காரணங்களைச் சொல்கிறேன், ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உன் பாடு.

முதலில் வெயிலை எடுத்துக்கொள்வோம். கோடையில் செடிகளோடு இருக்க ஏற்ற நேரம் விடியற்காலையும் மாலையும்தான். காலையில் வேரடியில் ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். உச்சி வெயிலில் ஊற்றுவதில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். மதியம் செம்பருத்தி இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டு பதறிப்போய்க் குடத்தைத் தூக்காதே. இலை வழியே நீர் வெளியேறும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாதபோது, மண் ஈரமாக இருந்தாலும் செடி துவளும். வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார், ஈரம் தட்டினால் விட்டுவிடு. அன்பு மிகுந்து வேரை அழுகவைத்தவர்கள் ஏராளம். ஆக, காலை பத்துக்குமேல் மாலை நாலுவரை தோட்டத்தில் உனக்கு வேலையே கிடையாது. இதற்குக் கடிகாரமும் பூக்களிடமே இருக்கிறது. நர்சரியில் டேபிள் ரோஸ் என்று விற்கும் பத்து மணிப் பூ வெயில் ஏறியபின் விரியும். அந்திமந்தாரை வெயில் சாயும்போது விரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள பொழுதில் சாப்பாடும் தூக்கமும் போக ஒன்றரை மணி நேரத்தை ஊசிக்குக் கொடுத்தால் போதும். மார்கழியில் இப்படி அமையாது. நாள் முழுக்க வெளியே நிற்கலாம் என்பதால் உட்காரவே தோன்றாது. ஐப்பசி மழையில் உட்காரத் தோன்றும், வெளிச்சம் இருக்காது. கோடைதான் காலையில் பார்க்கவிட்டு, மதியம் கட்டாயமாக உட்காரவைத்து, மாலையில் சரிபார்க்க மறுபடி மாடிக்கு அனுப்புகிறது.

அந்தச் சரிபார்ப்பில்தான் விஷயமே இருக்கிறது. மேட்டி துணியின் நெசவு சிறுசிறு கட்டங்களாக அமைந்தது. ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி என்று எண்ணி எண்ணிப் போடுவது குறுக்குத் தையல். நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் வேலைப்பாடும் இழையை எண்ணிப் போடுவதுதான். முன்கூட்டித் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. எண்ணிப் போடும் தையலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நித்தியகல்யாணியைத் தைக்கப் பார். அதற்கு ஐந்து இதழ். சதுரக் கட்டத்தில் நாலு இதழ் ஒழுங்காக உட்காரும், எட்டும் உட்காரும், ஐந்து உட்காராது. ஓர் இதழை நேராக நிறுத்தினால் மற்ற நாலும் கட்டத்தோடு ஒட்டாமல் சாய்ந்து நிற்கும். வாசலில் நேர்ப்புள்ளி வைத்துப் போடும் கோலத்தில் நாலு, எட்டு இதழ்ப் பூக்களும், இடைப்புள்ளிக் கோலத்தில் ஆறு இதழ்ப் பூக்களும் மலிந்திருப்பதற்கு இதுவே காரணம்: புள்ளி எதற்கு இடம் தருகிறதோ அதுதான் வாசலில் பூக்கிறது. தையல் மாதிரிப் புத்தகங்களிலும் அப்படித்தான். அவற்றைப் பார்த்துத் தைக்கிறவன் எந்தத் தொட்டியிலும் பூக்காத ஒரு பூவைத் தைத்துக்கொண்டிருக்கிறான். மாடியிலுள்ள பூவைத் தைக்க முனைகிறவனோ முதல் மதியமே மாட்டிக்கொள்வான். எந்த இதழை நேராக வைப்பது? எந்த இதழ் எதன்மேல் ஏறியிருக்கிறது? விடை தேடி மாலையில் மாடிக்குப் போனால், ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாகச் சுழன்று ஒன்றையொன்று மூடி நிற்பது முதன்முதலாகக் கண்ணில் படும். இத்தனை நாளும் அது அப்படித்தான் இருந்தது.

காகிதப்பூ இன்னும் நல்ல வாத்தியார். பளீரென்ற ரோஜா நிறத்தில் நாம் இதழ் என்று நம்பும் மூன்று தாள்களும் நிறம் ஏறிய இலைகளே. நடுவில் குச்சி குச்சியாக நிற்கும் மூன்று சிறு குழல்கள்தாம் பூக்கள். மதில்மேல் படர்ந்த அந்தக் கொடியைத் தினமும் கடந்துபோகிற பலர் இதைக் கவனித்திருக்கமாட்டார்கள். தைக்க உட்கார்ந்தவன் தப்ப முடியாது. நடுவில் வெள்ளை நூல் எந்தக் கட்டத்தில் வரவேண்டும் என்று அவன் முடிவு செய்தாக வேண்டும். செம்பருத்தியில் நடுத்தண்டைச் சுற்றி மகரந்தப் பைகள் ஒட்டியிருப்பதும், அதன் நுனி ஐந்தாகப் பிரிவதும், பிச்சி மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பாக இருப்பதும் இப்படித்தான் வெளிவரும். பாடப் புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. படித்தது பரீட்சையோடு போய்விடும், நாற்பது கட்டம் பிரித்துத் திரும்பத் தைத்தது போகாது.

வடிவத்துக்குச் சொன்னது நிறத்துக்கு இன்னும் பொருந்தும். பாரிஸில் கோபெலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் உண்டு. 1824இல் அங்கே சாயப் பிரிவுக்குத் தலைமையேற்ற மிஷெல் யூஜின் செவ்ரூல் என்ற வேதியியலரிடம், கறுப்பு நூல் கறுப்பாக இல்லை, மங்கித் தெரிகிறது என்ற புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறையில்லை. நீலம், ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் வைத்ததால்தான் கண்ணுக்கு அப்படிப் பட்டது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்து நிறமும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பை 1839இல் பெரிய புத்தகமாக வெளியிட்டார். அதில் திரைச்சீலைக்கு நூல் தேர்வது பற்றி எழுதியவர், தோட்டத்தில் எந்த நிறப் பூவுக்குப் பக்கத்தில் எதை நடுவது என்றும் எழுதினார். நூலும் பூவும் ஒரே புத்தகத்துக்குள் வந்தது தற்செயல் இல்லை, இரண்டும் கண்ணுக்கு ஒரே கணக்கு. இதை வாழ்ந்தே காட்டியவர் இங்கிலாந்தின் கெர்ட்ரூட் ஜீக்கில். 1843இல் பிறந்தவர், ஓவியமும் எம்பிராய்டரியும் அவருடைய முதல் தொழில். பிறகு தோட்டக்கலைக்கு வந்து 400 தோட்டங்கள் அளவுக்கு வடிவமைத்தார். புதுடெல்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர்களில் ஒருவரான லட்யன்ஸ் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர். சர்ரேயில் தம் வீட்டுத் தோட்டத்தில் 200 அடி நீளத்துக்கு ஒரு பூம்பாத்தி வைத்திருந்தார்: ஓரத்தில் நீலம், சாம்பல், வெள்ளை, வெளிர்மஞ்சள், நடுவை நெருங்க நெருங்க ஆரஞ்சும் சிவப்பும், மறு ஓரத்தில் மீண்டும் குளிர்ந்த நிறங்கள். செடிகளைத் தனித்தனிப் புள்ளிகளாக வைக்காமல் நீண்ட பட்டைகளாக ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து நட்டார். நீளத் தையலும் குட்டைத் தையலும் கலந்து ஓர் இதழுக்கு நிழல் கொடுத்தவருக்குத்தான் இந்த யோசனை வரும் என்பது என் ஊகம். உன் நாலு தொட்டிக்கும் இது பொருந்தும். வெள்ளை மேட்டியில் மல்லிகையைத் தைத்தால் ஒன்றும் தெரியாது. அடர்பச்சைத் துணியில் தைத்தால், வெள்ளையோடு கொஞ்சம் பச்சை கலந்த சாம்பல் நூலும் வேண்டும் என்று புரியும். அந்தப் புரிதலோடு போய், வெள்ளைச் சுவரை ஒட்டி வைத்திருந்த மல்லிகைத் தொட்டியை இலையடர்ந்த செடிக்கு முன்னால் நகர்த்துவாய். அந்தி வெளிச்சத்தில் சிவப்பு கறுத்துப்போகும், வெள்ளை நெடுநேரம் மங்காது. மாலையில் உட்காரும் இடத்தில் மல்லிகை, காலையில் பல் துலக்கும் இடத்தில் செம்பருத்தி என்று வை.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரம் இதைச் சில நிமிடத்தில் அடித்துத் தள்ளிவிடுமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள துணியில் நாலு அங்குலச் சதுரத்தை நிரப்ப 3,136 தையல்கள் வேண்டும். தலையணை உறை தேவையென்றால் கடையில் வாங்கிக்கொள், அதற்காக யாரும் 3,136 தடவை ஊசி குத்த வேண்டாம். இங்கே உறை வெறும் மிச்சம், வேண்டியது பார்வை. செல்போன் ஒரே நொடியில் பூ முழுவதையும் எடுத்துவிடும். அதனால்தான் அது நமக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்று நாம் முடிவு செய்ய வேண்டியதே இல்லை. பையன் ஊசி பிடிப்பதா என்ற கேள்விக்கு இவ்வளவு கூட எழுத வேண்டியதில்லை. ஜர்தோசி, ஆரி எம்பிராய்டரிப் பட்டறைகளில் தையல் சட்டத்தின் முன் காலங்காலமாக ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிராளிகளை இடித்துத் தள்ளியே பேர்வாங்கிய அமெரிக்கக் கால்பந்து வீரர் ரோஸி கிரியர், 1973இல் ஆண்களுக்கான கேன்வாஸ் தையல் பற்றித் தம் பெயரில் ஒரு புத்தகமே போட்டார்.

கண் கெட்டுவிடும் என்ற அச்சத்தை அப்படி ஒதுக்க முடியாது. நான் சொன்ன ஜீக்கிலுக்கே கடுமையான கிட்டப்பார்வை. 1891இல் ஜெர்மனியில் ஒரு கண் மருத்துவர், எம்பிராய்டரியை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவருடைய பார்வைக் குறை இளம் வயதிலிருந்தே இருந்தது, ஊசியால் வந்ததென்று சொல்ல ஆதாரமில்லை. ஆனாலும் நெடுநேரம் கிட்டத்தில் பார்க்கும் வேலை கண்ணை வருத்தும் என்பது உண்மை. அதற்குத்தான் தோட்டத்தைக் கூடவே வைக்கச் சொல்கிறேன். வெளியே பகல் வெளிச்சத்தில் கூடுதல் நேரம் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது என்று சீனாவிலும் தைவானிலும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலையும் மாலையும் செடிகளோடு நிற்பவனுக்கு மதியத் தையல் அவ்வளவு பாரமில்லை. வலக்கைக்காரன் என்றால் சன்னல் இடப்பக்கம் இருக்கட்டும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தூரத்தில் எதையாவது பார். இரவில் தைக்காதே.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, சென்னைத் தெருக்களில் குடங்கள் லாரிக்காக வரிசை கட்டின. அப்படிப்பட்ட ஊரில் பூவுக்கு ஊற்றுவது நியாயமா? எந்தப் பூ என்பதைப் பொறுத்தது. சித்திரை வெயிலில் சென்னை மொட்டைமாடியில் ரோஜா வளர்க்க ஆசைப்படுவது என் பார்வையில் வீண் பிடிவாதம். பத்து மணிப் பூ தன் தடித்த இலையிலேயே நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். காகிதப்பூவுக்குத் தண்ணீர் கூடினால் இலைதான் கொழிக்கும், கொஞ்சம் காயவிட்டால்தான் பூக்கும். நித்தியகல்யாணியும் வாடாமல்லியும் சொற்பத்தில் பிழைப்பவை. இவற்றுக்கு அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் ஏசியிலிருந்து சொட்டுவதும் பெரும்பாலும் போதும். சோப்புத் தண்ணீரும் ஆர்ஓ கழிவுநீரும் கூடாது, முன்னது காரம், பின்னதில் உப்பு. மண்ணின்மேல் காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ மூடாக்காகப் பரப்பு. கறுப்புப் பிளாஸ்டிக் பை வெயிலில் கொதித்து வேரை வேகவைக்கும். மண்தொட்டி பக்கவாட்டில் நீரைக் கசியவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். தொட்டியைத் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்மேல் ஏற்று. மல்லிகைக்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். ஆனால் கார்த்திகையில் கவாத்து செய்துவிட்டால் பங்குனியிலிருந்து கோடை முழுக்கப் பூப்பது அதுதான் என்பதால் ஒரு தொட்டிக்கு அந்தச் செலவு தகும். குடிக்கவே இல்லாத ஆண்டு வந்தால் அதையும் விட்டுவிட வேண்டியதுதான். அதில் வாதாட ஒன்றுமில்லை.

வாடாமல்லியிலிருந்து தொடங்கு. விதை போட்டால் பூக்க இரண்டு மூன்று மாதமாகும், இப்போது நாற்றாகவே வாங்கிவிடு. காகிதப்பூவில் போலவே அதன் தலையிலும் நிறமாக இருப்பது இதழ்கள் அல்ல, செதில்கள்தாம். உருண்டை வடிவமாதலால் ஐந்து இதழ்ச் சங்கடமும் இல்லை. காலையில் கட்டம் போட்ட நோட்டில் வரைந்துகொள், மதியம் துணியின் நடுவிலிருந்து தைக்க ஆரம்பி. முனை மழுங்கிய ஊசி வாங்கு. நூலின் ஆறு இழையில் இரண்டை மட்டும் பிரித்துக்கொள், ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதே. நீளமானால் சிக்கும், துணிக்குள் போய்வந்தே நைந்துபோகும். முடிச்சுப் போடாமல் நுனியைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் செருகு. மேலே வரும் கோடு எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாயட்டும். கையில் வியர்வை இருந்தால் வெளிர்நிற நூல் அழுக்காகிவிடும், கழுவித் துடைத்துவிட்டு உட்கார். நூல் வாங்கப் போகும்போது படத்தைக் கொண்டுபோகாதே; ஒரு வாடாமல்லியைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள், கடைக்குப் போய்ச் சேரும்வரை அது நிறம் மாறாது. டியூப்லைட்டில் பொருந்துகிற ஊதா வெயிலில் வேறாகத் தெரியும். ஆகவே கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, நூல்கண்டையும் பூவையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடு.

அன்புடன்,
அக்கா