புள்ளி சொன்ன கணக்கு

விடியற்காலை 4 மணி. சித்தூர் அருகே ஒரு சிற்றூர். பூக்காரர் வண்டியில் பூ மூட்டைகளைக் கட்டினார். அவர் மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்தார். திருப்பதி மார்க்கெட்டுக்கு 6 மணிக்குள் போக வேண்டும். பாகாலா, சந்திரகிரி பக்கமாகப் போனால் சுமார் 70 கிலோமீட்டர். நேரம் தப்பினால் பூவின் விலை பாதியாகிவிடும்.

பூக்காரர் செல்ஃப் பொத்தானை அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஹார்ன் முனகியது. இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. கிக்கரை உதைத்து, உதைத்து, ஒருவழியாக வண்டியைக் கிளப்பினார்.

"ரெண்டு மாசம் முன்னாடிதானே புதுப் பாட்டரி போட்டோம்?" என்று மனைவி கேட்டார்.

"ஆமாம். ஆயிரம் ரூபாய்க்கு மேல ஆச்சு. இதுவும் போச்சு போல. இன்னொண்ணு வாங்கணும்."

மனைவி பதில் சொல்லவில்லை. மகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு எடுத்து வைத்த பணம் அவர் நினைவுக்கு வந்தது.

பெரியவரின் பட்டறை

பூ விற்று முடிந்தது. இருவரும் திருப்பதியில் ஒரு பட்டறைக்குப் போனார்கள். மெக்கானிக் வயதானவர். 

"பாட்டரி மாத்தணும் பெரியவரே" என்றார் பூக்காரர்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. போன தடவையும் இப்படித்தான் ஆச்சு. கடையில மாத்திக் குடுத்தாங்க."

"அளந்து பார்த்தாங்களா?"

"இல்லையே."

பெரியவர் ஒரு சிறிய மஞ்சள் கருவியை எடுத்தார். அதில் ஒரு கண்ணாடித் திரை, நடுவில் ஒரு திருகு, கறுப்பு ஒயர் ஒன்று, சிவப்பு ஒயர் ஒன்று. 

"இதுக்குப் பேரு மல்டிமீட்டர். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் வைக்கிறோம் இல்லையா? வண்டிக்கு இது. கரகம்பாடி இங்கதான் பக்கத்துல இருக்கு. 1985-ல ஆரம்பிச்ச அமர ராஜா கம்பெனியோட பாட்டரி தொழிற்சாலை அங்க ஓடுது. சித்தூர் பக்கத்துலயும் அவங்களுக்குத் தொழிற்சாலை உண்டு. பாட்டரி செய்யத் தெரிஞ்ச ஊருப்பா நம்ம ஊரு. பாட்டரியை அளக்கத் தெரிய வேணாமா?"

பெரியவர் கறுப்பு முனையைப் பாட்டரியின் மைனஸில் வைத்தார். சிவப்பு முனையைப் பிளஸில் வைத்தார். திரையில் எண் வந்தது.

"நூற்றுப் பதினேழு!" என்றார் பூக்காரர். அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "ஷாக் அடிக்குமே!"

அவர் மனைவி குனிந்து பார்த்தார். அவர் எழுத்தறிவு மையத்தில் ஓராண்டு படித்தவர்.

"நடுவுல புள்ளி இருக்குதுங்க. இது நூற்றுப் பதினேழு இல்ல. பதினொன்று புள்ளி ஏழு."

பெரியவர் சிரித்தார். "சரியாப் படிச்சே அம்மா. இந்தப் புள்ளியிலதான் உங்க பணம் இருக்கு."

மீட்டர் எதை அளக்கிறது?

மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாகத் தள்ளும். மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்தின் அளவு வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவுபோல, ஒயரில் ஓடும் மின்சாரத்தின் அளவு ஆம்பியர். குழாயில் அடைப்பு இருந்தால் தண்ணீர் தடைபடும். ஒயரில் உள்ள தடையின் அளவு ஓம்.

முன்பு இவற்றை அளக்கத் தனித்தனிக் கருவிகள் இருந்தன. இங்கிலாந்தின் தபால் துறைப் பொறியாளர் டொனால்டு மெக்காடி என்பவர், பல கருவிகளைச் சுமந்து சலித்துப் போனார். மூன்றையும் அளக்கும் ஒரே கருவியை உருவாக்கினார். அது 1923-இல் விற்பனைக்கு வந்தது. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய மல்டிமீட்டர்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வண்டி வேலைக்கு விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை. சில நூறு ரூபாய் மீட்டரே போதும். ஆனால் இவற்றைப் பாருங்கள்.

1. திரையில் எண் பெரிதாகத் தெரிய வேண்டும். வெயிலில் படிக்க முடிய வேண்டும்.

2. டி.சி. வோல்ட் பகுதியில் 20 என்ற இடம் இருக்க வேண்டும். பாட்டரியை இந்த இடத்தில் வைத்து அளக்கிறோம். டி.சி.க்கு அடையாளம் ஒரு நேர்கோடு, அதன் கீழே விட்டு விட்டு ஒரு கோடு. ஏ.சி.க்கு அடையாளம் அலைபோல் வளைந்த கோடு. 

3. ஓம் பகுதி இருக்க வேண்டும். அதன் அடையாளம் குதிரை லாடம் போல இருக்கும்.

4. 'பீப்' சத்தம் தரும் வசதி இருக்க வேண்டும். ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க இது மிகவும் உதவும்.

5. ஒயர்கள் தடிப்பாக, வெடிப்பு இல்லாமல் இருக்க வேண்டும்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். பீப் இடத்தில் வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். சத்தம் வர வேண்டும். பிறகு டார்ச் லைட்டில் போடும் புதிய செல் ஒன்றை அளந்து பாருங்கள். 1.5 அல்லது சற்றுக் கூடுதலாகக் காட்டினால் மீட்டர் சரி.

ஓர் எச்சரிக்கை. மலிவான மீட்டரை வண்டிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டுக் கரண்டை அதனால் அளக்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

மீட்டரைப் படிப்பது எப்படி?

கறுப்பு ஒயரை 'காம்' என்று எழுதிய துளையில் செருக வேண்டும். சிவப்பு ஒயரை, வோல்ட், ஓம் குறிகள் உள்ள துளையில் செருக வேண்டும். 10 ஆம்பியர் என்று எழுதிய துளை ஒன்றும் இருக்கும். சிவப்பு ஒயர் அந்தத் துளையில் இருக்கும்போது பாட்டரியைத் தொடவே கூடாது. பிளஸும் மைனஸும் நேராகச் சேர்ந்தது போல் ஆகிவிடும். தீப்பொறி பறக்கும். மீட்டர் கெடும். கையும் சுடும்.

புள்ளியை விட்டுவிடாதீர்கள். 12.6 என்பது பன்னிரண்டு புள்ளி ஆறு. 1.26 என்பது ஒன்று புள்ளி இரண்டு ஆறு. எண்கள் அவையேதான். புள்ளி இடம் மாறினால் அளவே மாறிவிடும்.

சில மீட்டர்களில் இடது ஓரத்தில் '1' என்ற எண் மட்டும் தனியாக நிற்கும். அதை 'ஒன்று' என்று படிக்கக் கூடாது. வோல்ட் அளக்கும்போது அப்படி வந்தால், அளவு அந்த இடத்துக்குள் அடங்கவில்லை என்று பொருள். ஓம் அளக்கும்போது வந்தால், பெரும்பாலும் வழி அறுந்திருக்கிறது என்று பொருள்.

திரையில் பாட்டரிப் படம் தெரிந்தால், மீட்டருக்குள் இருக்கும் பாட்டரி தீர்ந்து வருகிறது. அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் மீட்டர் தவறான கணக்குச் சொல்லும்.

மூன்று முறை அளக்க வேண்டும்

பெரியவர் மூன்று முறை அளந்தார். 

முதல் அளவு: வண்டி ஓடாமல் நின்றிருக்கும்போது. வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு அளப்பது நல்லது.

12.6 முதல் 12.8 வரை: பாட்டரி நிறைந்திருக்கிறது.
12.2 அளவில்: பாதிதான் இருக்கிறது.
12-க்குக் கீழே: சார்ஜ் ஏற்றியே ஆக வேண்டும்.

பூக்காரரின் பாட்டரி 11.7 காட்டியது. ஏறக்குறையக் காலி.

"பார்த்தீங்களா, பாட்டரி போயிடுச்சு" என்றார் பூக்காரர்.

"பானை காலியா இருந்தா பானை ஓட்டைன்னு சொல்லிடலாமா? தண்ணி ஊத்தாமலும் இருந்திருக்கலாமே" என்றார் பெரியவர்.

இரண்டாவது அளவு: செல்ஃப் அழுத்தும்போது. நல்ல பாட்டரியில் எண் 10 பக்கமாக இறங்கி மறுபடி ஏறும். 9.6-க்குக் கீழே போனால் பாட்டரி பலவீனமாக இருக்கிறது, அல்லது சார்ஜ் இல்லை. பூக்காரரின் வண்டியில் 8-க்கு இறங்கியது.

மூன்றாவது அளவு: என்ஜின் ஓடும்போது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால், எண் 13.5-க்கு மேல் ஏற வேண்டும். 14.5 பக்கம் நிற்க வேண்டும். ஏறாவிட்டால் பாட்டரிக்குச் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பாட்டரி சூடாகும். பல்புகள் அடிக்கடி எரிந்து போகும்.

பெரியவர் ஆக்சிலரேட்டரைக் கொடுத்தார். மனைவி எண்ணைப் படித்தார். "பதினொன்று புள்ளி எட்டு. ஏறவே இல்லையே!"

"பாட்டரி பானை. என்ஜின்தான் தண்ணி ஊத்தணும். ஊத்தல. புதுப் பாட்டரி போட்டாலும் கொஞ்ச நாள்ல காலியாகும். போன தடவை நடந்தது அதுதான்" என்றார் பெரியவர்.

பழுது எங்கே?

வண்டியில் மின்சாரம் வரும் வழி இது: என்ஜின் ஓடும்போது காயில் மின்சாரம் உண்டாக்கும். அது ஏ.சி. மின்சாரம். ரெகுலேட்டர் அதை டி.சி.யாக மாற்றி, அளவாகக் கொடுக்கும். பிறகு அது ஒயர், பியூஸ் வழியாகப் பாட்டரிக்குப் போகும். இந்த வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

பெரியவர் சாவியை அணைத்தார். பியூஸைக் கழற்றி, மீட்டரைப் பீப் இடத்தில் வைத்துத் தொட்டார். சத்தம் வந்தது. பியூஸ் சரி.

அடுத்து காயில். அதன் சாக்கெட்டைக் கழற்றினார். மீட்டரை ஏ.சி. வோல்ட் 200-இல் வைத்தார். வண்டியைக் கிளப்பினார். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க எண் ஏறியது. காயில் சரி. (இந்த நேரத்தில் சாக்கெட்டின் வெறும் முனைகளைக் கையால் தொடக் கூடாது.)

அடுத்து, ரெகுலேட்டரிலிருந்து பாட்டரிக்கு வரும் சிவப்பு ஒயர். வண்டியை அணைத்தார். பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினார். ஒயரின் இரண்டு நுனிகளிலும் மீட்டரின் முனைகளை வைத்தார். பீப் சத்தம் வரவில்லை. இடது ஓரத்தில் '1' மட்டும் நின்றது.

"வழி அறுந்திருக்கு!" என்றார் மனைவி.

ஒயரைத் தடவிக்கொண்டே போனார் பெரியவர். சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கெட். அதைப் பிரித்தார். உள்ளே பச்சையாகக் களிம்பு படிந்திருந்தது. ஒரு பின் கருகியிருந்தது. ஈரப் பூ மூட்டையிலிருந்து தினமும் சொட்டிய தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது.

பெரியவர் புதிய பின் போட்டார். மற்றவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். மைனஸ் ஒயரை மாட்டி, வண்டியைக் கிளப்பினார். மனைவி படித்தார்: "பதிமூன்று புள்ளி எட்டு!" 

பாட்டரியை இரவு முழுவதும் சார்ஜரில் போட்டார்கள். மறுநாள் மார்க்கெட் முடிந்ததும் இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். சார்ஜரைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தார் பெரியவர். பாட்டரி 12.7 காட்டியது. செல்ஃப் அழுத்தியபோது 10.6-க்கு மேல் நின்றது. பாட்டரியில் ஒரு குறையும் இல்லை.

புதிய பாட்டரிக்கு ஆயிரம் ரூபாய் தேவைப்படவில்லை. ஒரு பின்னுக்கும் பெரியவரின் கூலிக்கும் மட்டும் பணம் கொடுத்தார்கள்.

கவனிக்க

- ஓம், பீப் இரண்டையும் சாவியை அணைத்து, பாட்டரி மைனஸைக் கழற்றிய பிறகே அளக்க வேண்டும்.
- என்ஜின் ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் வந்த வண்டிகள் பலவற்றில் பெட்ரோலை அளந்து விடுவதும் மின்கருவியே. அது கெட்டால் செலவு அதிகம்.
- 2017 ஏப்ரல் முதல் வந்த புதிய வண்டிகளில் என்ஜின் ஓடும்போது முகப்பு விளக்கு தானாக எரியும். அதனால் சார்ஜ் சரியாக ஏறுவது இன்னும் முக்கியம்.
- பியூஸ் எரிந்தால் அதே எண் உள்ள பியூஸையே போடுங்கள். கம்பியைச் சுற்றி வைத்தால் ஒயர் தீப்பிடிக்கும்.

நோட்டில் ஒரு கணக்கு

அன்று திரும்பும் வழியில் அவர்கள் ஒரு மீட்டர் வாங்கினார்கள். சாக்கெட்டின் மேல் தண்ணீர் படாமல் ரப்பர் உறை போட்டார்கள். மாதம் ஒருமுறை மனைவி அளக்கிறார். தேதியையும் எண்ணையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறார்.

இப்போது பூக்காரரும் மாலையில் எழுத்தறிவு மையத்துக்குப் போகிறார். முதல் நாள் அவர் ஆசிரியரிடம் கேட்டது: "புள்ளி வைத்த எண்ணை எப்போ சொல்லித் தருவீங்க?"

பயிற்சி

1. உரக்கப் படியுங்கள்: 12.6, 1.26, 14.2, 9.6, 0.5

2. நின்றிருக்கும் வண்டியில் 12.7. ஓடும்போது 12.4. பாட்டரியை மாற்ற வேண்டுமா? ஏன்?

3. ஓடும்போது 15.6 காட்டுகிறது. எது கெட்டிருக்கும்?

4. பீப் இடத்தில் பியூஸைத் தொட்டால் சத்தம் இல்லை. பியூஸ் நல்லதா, எரிந்ததா?

5. உங்கள் வீட்டில் அளந்து பார்க்காமல் மாற்றிய பொருள் ஏதேனும் உண்டா? எவ்வளவு செலவானது? வகுப்பில் பேசுங்கள்.