எண்ணூர்க் கழிமுகமும் மூன்று துறைகளும்

கேள்வி: நீடித்த வளர்ச்சிக்குப் பல கல்வித் துறைகள் சேர்ந்து இயங்க வேண்டும் என்கிறார்களே, வடசென்னையில் அதற்குச் சான்று உண்டா?
– வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: எண்ணூர்க் கழிமுகமே சான்று. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இந்த உப்பங்கழியில், வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து பல ஆண்டுகளாகப் படிந்தது. மீனவர் தரப்பு தொடுத்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் அமைத்த வல்லுநர் குழுவில் மண் உயிரியல், தாவரவியல், நீரியல் அறிஞர்கள் இடம்பெற்றனர்.

சாம்பலை ஒரே துறையால் அளந்துவிட முடியாது. அதிலுள்ள கன உலோகங்கள் வேதியியலுக்கு உரியவை. சாம்பல் படிந்து ஆழம் குறைந்தால் ஓத நீர் உள்ளே ஏறாது, மழை வெள்ளமும் வடியாது, அது நீரியல். அலையாத்திச் செடிகளும் இறாலும் உயிரியலின் பாடம். இறால் குறைந்தால் குப்பத்தின் வருமானம் குறைவது பொருளியல். எந்த இடம் எவ்வளவு தூர்ந்தது என்பதோ, அங்கே நாள்தோறும் வலை வீசுபவருக்கே முதலில் தெரியும். ஆனால் இந்த அறிவுக்குப் பட்டம் தருவாரில்லை.

2022 ஜூலையில் தீர்ப்பாயம் அனல்மின் நிலையத்தை நடத்திய மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியது. எண்ணெயை அகற்றும் தொழில்நுட்பம், மீனவர் உடல்நலம், இழப்பீட்டுக் கணக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் தேவை அப்போது மீண்டும் எழுந்தது.