ஜி.பி.எஸ்.ஸா, வைஃபையா?

ஜனவரி பிறந்தால் போதும், இறுதியாண்டுப் பிள்ளைகள் ஈ.எஸ்.பி.32 போர்டோடு வந்து நிற்பார்கள். இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி செய்ய வேண்டும், எந்த வழி நல்லது சார் என்பார்கள். முக்கால்வாசிப் பேர் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்பார்கள். சீனியர் செய்தது, யூடியூபில் பார்த்தது, இல்லையென்றால் அப்பா பிராஜெக்ட் சென்டரில் முன்பணமே கட்டிவிட்டு வந்தது.

ஜி.பி.எஸ். மாட்யூல், வைஃபை, செல் டவர் என்று மூன்று வழிகளும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சிம் போட்ட போர்டு ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டும் டவர் வழிக்குப் போங்கள். ஏரியா தெரியும், தெரு தெரியாது.

இப்போதைய மோகம் வைஃபை. தனி மாட்யூல் வாங்க வேண்டாம், பத்து வரி நிரல் போதும். போர்டு சுற்றியுள்ள ரௌட்டர்களின் வன்பொருள் முகவரியையும் சிக்னல் பலத்தையும் எடுத்து ஒரு சர்வருக்கு அனுப்பும். அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை மீட்டர் பிசகலாம் என்பதெல்லாம் திரும்பி வரும். ஜி.பி.எஸ். திணறும் கான்கிரீட் கட்டடத்துக்குள்ளும் வேலை செய்யும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த அறிவு உங்கள் போர்டில் இல்லை, யாரோ வைத்திருக்கும் பதிவேட்டில் இருக்கிறது. மொசில்லா 2013-ல் தொடங்கிய இருப்பிடச் சேவையைப் பாருங்கள். சர்வர் நிரல் திறந்த மூலம்தான். 2019-ல் ஸ்கைஹூக் நிறுவனம் காப்புரிமைப் பிரச்சினை எழுப்பியது. சமரசம் ஆனாலும் சேவையை வளர்க்க முடியாத நிலை வந்து, துல்லியம் தேய்ந்து, 2024-ல் மூடிவிட்டார்கள். நிரல் இன்றும் கிடைக்கிறது. வைஃபை பதிவேடு, தனியுரிமை கருதி, ஒருநாளும் வெளியிடப்படவில்லை. ‘ஓப்பன் சோர்ஸ் சார்’ என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எது ஓப்பன், நிரலா தரவா என்பதைத்தான்.

இன்னொன்று, ரௌட்டர் வீடு மாறும். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரிக்குத் தேர்வாளராகப் போயிருந்தேன். மேசைமேல் இருந்த கருவி, தான் வேளச்சேரியில் இருப்பதாகச் சொன்னது. மாணவனுக்கு வேர்த்துவிட்டது. நிரலில் தப்பே இல்லை. புதிதாகக் கட்டிய அந்த லேபில் இருந்தவை இரண்டே ரௌட்டர்கள், இரண்டும் நிர்வாகத்தின் பழைய சென்னை அலுவலகத்திலிருந்து வந்தவை! கூகுளின் சேவையும் குறைந்தது இரண்டு ரௌட்டர் கேட்கும். இரண்டும் சேர்ந்தே பொய் சொன்னால் அது என்ன செய்யும்?

சாதாரண ஈ.எஸ்.பி.32-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கண்ணில் படும். வயல்வெளியில் ரௌட்டரே கிடையாது. ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று சர்வரைக் கேட்பதற்கே இணையம் வேண்டும். அப்படியும் வைஃபைதான் என்றால், பீக்கன்டிபி போன்ற திறந்த பதிவேட்டுக்கு நீங்களே தரவு சேருங்கள். நியோஸ்டம்ப்ளர் செயலியோடு உங்கள் ஏரியாவைத் தெருத்தெருவாக நடந்து வாருங்கள். வைஃபை பெயரின் கடைசியில் அடிக்கோடு போட்டு ‘நோமேப்’ என்று வைத்திருப்பவர்கள் தங்களைச் சேர்க்க வேண்டாம் என்கிறார்கள், விட்டுவிடுங்கள்.

நான் ஜி.பி.எஸ். கட்சி, மறைப்பானேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய நியோ-6எம் மாட்யூலில்தான் நானும் கற்றுக்கொண்டேன். (இதே மாட்யூலை வைத்துக்கொண்டு தலைப்பில் ‘நாவிக்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. நாவிக் இந்தியாவின் அமைப்பு, இந்த மாட்யூல் ஜி.பி.எஸ். மட்டுமே பிடிக்கும்.) 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வர வேண்டும். ஒவ்வொன்றின் பாதை விவரத்தையும் வாங்கவே அரை நிமிடம் ஆகும். அதன்பின் 9600 வேகத்தில் வரிகள் கொட்டும். அதில் அட்சரேகையாக 1304.96 என்று ஓர் எண் வரும். பலர் அதை 13.0496 என்று எடுத்துவிடுவார்கள். 13 டிகிரி, 4.96 நிமிடம் என்று படித்து, நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் 13.0827 கிடைக்கும். தீர்க்கரேகையிலும் இதே தப்பைச் செய்தால் சென்ட்ரலில் நிற்கிற ஆள் போரூர் பக்கம் போய்விடுவார். தயார் லைப்ரரி இந்த வகுத்தலைத் தானே செய்துவிடும். ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சில பிள்ளைகளுக்கு சால்டரிங்கில் கை வராது, தரவைக் கொடுத்தால் ராத்திரி முழுக்க உட்காருவார்கள். அவர்களை மாட்யூலோடு கட்டிப்போடாதீர்கள். எதில் கை ஓடுகிறது என்பது பிள்ளைக்கே ஒரு மாதம் தடுமாறிய பிறகுதான் தெரியும். அந்த ஒரு மாதத்தைப் பணம் கொடுத்து மிச்சப்படுத்துவதில் லாபமில்லை.

மாட்யூலை வாங்கிய மறுநாளே ‘ஃபிக்ஸ் ஆகலை சார்’ என்று போன் வரும். லேபுக்குள் மேசையில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மொட்டைமாடிக்குப் போய், ஆன்டெனாவின் பீங்கான் முகத்தை வானம் பார்க்க வைத்துவிட்டு, சின்ன விளக்கு சிமிட்டும்வரை உட்காருங்கள். அதுவரை எனக்குப் போன் வேண்டாம்.