விடிந்த பிறகும் கட்டியக்காரன்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் வந்தபோது நான் பாரதக் கூத்துக்குப் போயிருந்தேன். கடைசி நாள் படுகளம் முடிந்து ஊர் திரும்பித் தூக்கம் தீர்ந்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்.

பன்னிரண்டு பேர் சேர்ந்து இசை நாடகம் ஒன்று செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். ஆபரா என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எழுதி வைத்த பாட்டு கிடையாது, வாத்தியார் கிடையாது. ஒருவர் எடுத்துக்கொடுக்க இன்னொருவர் தொடுத்துப் பாட, நிற்கிற இடத்திலேயே கதை பிறக்கும். களத்தில் எல்லாரும் சமமாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கும் விடுதலையின் ருசி தெரியும் என்கிறாய். முப்பது வருடம் கூத்தில் கோமாளியாக வந்து கேள்வி கேட்கிற கட்டியக்காரன் வேஷம் கட்டியவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்கிறாய்.

பெயரைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை பெரும்பாலும் பாட்டாலேயே கதை நடத்துகிற எங்கள் கட்டைக்கூத்தையும் யாராவது ஆபரா என்றால் தலையாட்டிவிட்டுப் போவேன். ஆனால் உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் எனக்குத் தயக்கம். முதலாவது தொழில் பற்றியது.

ஏடு இல்லாமல் ஆடுவதை வெறுங்கையோடு ஆடுவது என்று நினைத்துவிடாதே. கிருஷ்ணன் தூது நடக்கிறது என்று வைத்துக்கொள். துரியோதனன் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடுகிறார். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்கிறார்கள். அடுத்துத் தரு என்கிற பாட்டு. அடியின் கடைசியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அந்தத் திருப்பத்தில்தான் ஆட்டக்காரர் மூச்சு வாங்குகிறார், கிறிக்கி என்று சுழன்று சுற்றுகிறார், அடுத்து என்ன என்று யோசிக்கிறார். திரை விலகியதும் அஸ்தினாபுரத்து ராஜாவைப் பார்த்து நான் கேட்பேன்: "யாருய்யா நீங்க? எந்த ஊரு? இந்த ராத்திரியில இங்க என்ன வேலை?" அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் அடுத்து என்ன கேட்பேன் என்று அவருக்கும் தெரியாது. கதை விடிவதற்குள் எங்கே போய்ச் சேரவேண்டும் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரியும். நடுவில் நாங்கள் எவ்வளவு தூரம் வழி தவறினாலும் ஆர்மோனியப் பெட்டிக்காரர் சுருதியை விடமாட்டார். மிருதங்கக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே என் முதல் யோசனை இது. பன்னிரண்டு பேரும் சில மாதம் பின்பாட்டு மட்டும் பாடுங்கள். அடுத்தவர் விட்ட இடத்தில் எடுத்து, அவருக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்து, திருப்பிக் கொடுக்கப் பழகுங்கள். இதைக் கற்காமல் சொந்தமாகப் பாட வந்தால் குரல் பெரிதாக உள்ளவர்தான் ஒவ்வொரு முறையும் பாட்டை எடுப்பார். வாத்தியாரை நீக்கிவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அவர் வேறு சட்டை போட்டுக்கொண்டு நடுவில் நிற்பார்.

இரண்டாவது தயக்கம் பெரியது. அதற்கு என் கதை ஒன்றைச் சொல்லவேண்டும்.

கட்டியக்காரனுக்கு உள்ள உரிமை கூத்தாடும் களரியில் வேறு யாருக்கும் இல்லை. ராஜாவைக் கிண்டல் செய்யலாம், கதையை நிறுத்திவிட்டு ஊர்வம்பு பேசலாம். ஒரு வருடம் நாங்கள் ஆடப்போன கிராமத்தில் பெரிய மனிதர் ஒருவர் ஏரித் தண்ணீரைத் தன் நிலத்துக்கே திருப்பிக்கொண்டிருந்தார். ஊசிமுனை இடமும் தரமாட்டேன் என்று துரியோதனன் சொன்ன கையோடு நான் கேட்டேன்: "நெலம் வேணாம் மகாராஜா, ஏரித் தண்ணியாவது விடுவீங்களா?" கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. அந்தப் பெரிய மனிதரும் சிரித்தார். எழுந்துவந்து என் சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்திவிட்டுப் போனார். உலகத்தையே புரட்டிவிட்டது போல இருந்தது எனக்கு.

விடிந்தது. அரிதாரத்தைக் கலைத்துவிட்டு டீக்கடைக்குப் போனோம். எனக்குக் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. இரவெல்லாம் என் வாயைப் பார்த்து வாசித்த மிருதங்கக்காரருக்கு, வெளியே தனியாக வைத்திருந்த டம்ளரில். ராஜாவை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட இந்த வாய், டீக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் குடித்தேன். அவரும் குடித்தார். அதைப் பற்றி அவரிடம் நான் வாய் திறந்து பேசப் பதினோரு வருடம் ஆயிற்று. ஏரித் தண்ணீரும் அந்த வருடம் திரும்பவில்லை.

களரியில் கிடைக்கிற சுதந்திரத்துக்கு விடியும்வரைதான் ஆயுள். அதற்கு அப்புறமும் அதைக் கையில் வைத்திருப்பது எப்படி என்பதுதான் உங்கள் வேலையாக இருக்கவேண்டும்.

பிரேசிலின் அகுஸ்தோ போவால் தன்னைப் பற்றியே ஒரு கதை சொல்வார். நிலமில்லாத விவசாயிகளுக்கு அவரது குழு நாடகம் போட்டது. நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கி ஏந்திப் பாடினார்கள். முடிந்ததும் விர்ஜீலியோ என்கிற விவசாயி வந்து, வாருங்கள், சேர்ந்து போய் நிலத்தை மீட்போம் என்று கூப்பிட்டார். எங்கள் துப்பாக்கி பொம்மை என்றார்கள். எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும் என்றார் அவர். நாங்கள் கலைஞர்கள் என்று இவர்கள் விழித்தார்கள். அப்படியானால் சிந்தப்போவது எங்கள் ரத்தம்தானா என்று அவர் கேட்டாராம். அந்தக் கேள்வி போவாலை விடவில்லை. அவர் பின்னால் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கில் பார்வையாளர் எழுந்துவந்து கதையைத் தானே மாற்றி நடிக்கலாம். தான் செய்யத் துணியாததை அடுத்தவருக்குப் புத்திமதியாகச் சொல்வதில்லை என்று அவர் கற்றுக்கொண்டது அந்த விவசாயியிடம்தான்.

களரியின் சுதந்திரத்தை வெளியே கொண்டுபோகப் பார்த்தவர்கள் நம் மொழியிலும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1968-இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினார்கள். அந்தக் காலத்தில் கூத்தும் அவர்களோடு நின்றது. என்.கே.ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை' காத்தவராயன் கூத்துப் பாணியில் கோயில் நுழைவையே கதையாக்கியது. சி.மௌனகுருவின் 'சங்காரம்' வடமோடிக் கூத்து ஆட்டத்தில் அரசர்கள் நின்ற இடத்துக்கு உழைப்பவர்களைக் கொண்டுவந்தது. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி.ஜெயசங்கரும் ஊர்க்காரர்களும் தொடங்கிய கூத்து மீளுருவாக்கத்தைப் பற்றியும் தேடிப் படி. கூத்து வாத்தியாரான அண்ணாவியாரும் ஆட்டக்காரரும் இளையவர்களும் கூத்துப் பாட்டை நடுவில் வைத்துக்கொண்டு, இந்த வரியில் சாதி இருக்கிறது, இந்த வரி பெண்ணை இழிவு செய்கிறது என்று பேசிப் பேசி மாற்றினார்கள். ஆட்டத்தைப் போலவே அந்தப் பேச்சும் அவர்களுக்குக் கூத்துதான்.

எங்கள் பக்கத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், 2002-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கிய குருகுலத்தில் பி.ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அதுவரை திரௌபதி வேஷம் ஆண்கள் கட்டியது. தன்னையே தோற்றவன் என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று சபையைப் பார்த்துக் கேட்கிற இடத்தை ஒரு பெண்பிள்ளை பாடி நான் கேட்டபோது, அந்தக் கேள்வியை முதல்முறை கேட்பது போல இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரால் கல்யாணத்துக்குப் பிறகு ராத்திரி முழுக்க வெளியூரில் ஆடிவிட்டு வீடு திரும்ப முடிகிறது? களரி கதவைத் திறந்தது. வீட்டுக் கதவுக்கு வேறு பூட்டு.

ஆகவே பாட்டுப் பயிற்சியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டியக்காரன் வேஷம் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது, ஆட்டத்துக்கு ஓர் ஆள் மாறவேண்டும். கேள்வி கேட்கும் உரிமை சுற்றிவரட்டும். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் இன்று யார் பாட்டை எடுக்கவே இல்லை என்று பாருங்கள். அவரைக் கட்டாயப்படுத்தாமல் காரணத்தை விசாரியுங்கள், கூச்சமாகவும் இருக்கலாம், சாதியாகவும் இருக்கலாம். வேஷம் கட்டுகிற கொட்டகையில் பெண்களுக்கு மறைவான இடமும் கழிப்பறையும் இல்லாத ஊரில் ஆட ஒத்துக்கொள்ளாதீர்கள். விடியற்காலையில் யார் யாரோடு பேருந்து ஏறுகிறார் என்பதை முதல்நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை மறந்துவிடாதே. ஜமா என்கிற கூத்துக் குழுவில் முன்பணம் வாங்கிவிட்டு அது தீரும்வரை வாய் திறக்க முடியாமல் ஆடினவர்களை நான் அறிவேன். மேடையில் அவர்கள் அர்ச்சுனன், பீமன். வந்த தொகையை எல்லார் முன்னாலும் எண்ணி, பங்கை எல்லாரும் சேர்ந்து தீர்மானியுங்கள். ராஜா வேஷத்துக்கு ஒரு கூலி, தாளம் போடுகிறவருக்கு ஒரு கூலி என்று பிரிந்துவிட்டால், சமத்துவத்தைப் பற்றி நீங்கள் எடுத்துப் பாடும் எந்தப் பாட்டும் சுருதி சேராது.

ஆடுகிற ஊரிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஊர்க்காரர்களின் சிக்கலைப் பாடிச் சிரிக்கவைத்துவிட்டு நீங்கள் வண்டி ஏறிவிடுவீர்கள். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்கப்போவது அங்கேயே இருப்பவர்கள். அவர்கள் பாடச் சொன்னால் பாடுங்கள். வேண்டாம் என்றால், பாட்டு எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். பாடினபின் மறுநாளும் அங்கே தங்குங்கள்.

இதையெல்லாம் படித்து உற்சாகம் குறைந்துவிடாதே. உன் வயதில் நான் செய்யத் தவறியதைத்தான் உனக்கு எழுதியிருக்கிறேன்.

முதல் ஆட்டத்துக்கு நாள் குறித்ததும் ஒரு வரி எழுது. ஆட்டம் பார்க்க அழைப்பு வேண்டாம், எப்படியும் வந்துவிடுவேன், மிருதங்கக்காரரும் வருவார். விடிந்து நீங்கள் பணம் பிரிக்கிறபோது நாங்கள் இருவரும் ஓரமாக உட்கார்ந்து பார்க்க மட்டும் அனுமதி கொடு.

அன்புடன்,
உன் கட்டியக்காரன்