முதியோர் கையிலுள்ள செல்வம்

அறுபதும் எண்பதும் நிறைவுற்ற நாளில் பெற்றோருக்கு மாலை சூட்டி, உற்றாரை அழைத்து விருந்தளிப்பது நல்ல வழக்கமே. விழா முடிந்த மறுநாள் நிகழ்வது என்ன? முதியவர் மீண்டும் திண்ணையில் தனித்து அமர்கிறார். அவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. சூட்டிய மாலை ஒரு நாளில் வாடிவிடும். வாழ்வைக் கொண்டாடுவதற்குரிய காரணமோ நாள்தோறும் வேண்டப்படுகிறது. அக்காரணம் எங்குளது என்பதை, நமக்கு அண்மையில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்பது கல்வராயன் மலை. அதற்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தர்மபுரி மாவட்டத்தில் அமைந்துள்ளது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் அங்கு வாழ்கின்றனர். லம்பாடியர், முற்காலத்தில் எருதுகளின் மீது உப்பும் தானியமும் ஏற்றி நாடெங்கும் வாணிகம் செய்தவரின் வழிவந்தோர். அவர்தம் மகளிர் பாவாடையிலும் இரவிக்கையிலும் வண்ண நூலால் பூவேலை செய்து, கண்ணாடித் துண்டுகளும் சோழிகளும் பதித்து அணிந்தனர். காலப்போக்கில் இப்பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்கள் சேலைக்கு மாறினர். உடை மாறவே, அதனைச் சார்ந்த கலையும் கைவிடப்பட்டது. ஏறத்தாழ இரண்டு தலைமுறையினர் அதனைக் கற்கவேயில்லை.

மருத்துவர்களான ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர் 1993ஆம் ஆண்டு இப்பள்ளத்தாக்கில் பழங்குடியினருக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். ஆண்டுகள் பல கழிந்தபின், மறைந்துவந்த இப்பூவேலையின் அருமையை உணர்ந்த லலிதா அவர்கள், அதனை அறிந்தோர் எவரேனும் உளரோ எனத் தேடினார். முதிய பெண்டிர் மிகச் சிலரிடமே அது எஞ்சியிருந்தது. வரைபடமோ ஏடோ இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி செலுத்தும் அந்தக் கணக்கு அவர்தம் விரல்களில் மட்டுமே வாழ்ந்தது. 2006ஆம் ஆண்டளவில் அம்மூதாட்டியரே ஆசிரியராயினர். இளம்பெண்கள் அவரருகே அமர்ந்து கற்றனர். அம்முயற்சி வளர்ந்து, ‘போர்கை’ என்னும் கைவினைஞர் சங்கமாயிற்று. போர்கை என்பது லம்பாடி மொழியில் ‘பெருமை’ எனப் பொருள்படும்.

இங்கே நாம் கருத வேண்டியது யாது? அம்மூதாட்டியர் புதிதாக ஒன்றையும் பெறவில்லை. முன்னரே தம்மிடம் இருந்ததைக் கொடுத்தனர். பிறர்க்கு வேண்டாததாய்க் கிடந்த அறிவு, ஒருவர் வந்து கேட்டவுடன் செல்வமாயிற்று. அவர் கற்பித்த தொழில் இன்று இளையோருக்கு ஊதியமும் தருகின்றது.

‘கண் மங்கி, விரல் நடுங்கும் காலத்தில் ஊசி பிடிப்பது எங்ஙனம்?’ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. அமெரிக்க நாட்டில் 1860ஆம் ஆண்டு பிறந்த அன்னா மேரி மோசஸ் என்னும் உழவர் குடிப் பெண்மணி, முதுமையில் கம்பளி நூலால் துணியில் காட்சிகளைத் தைத்துவந்தார். மூட்டுவாதத்தால் ஊசி பிடிப்பது துன்பமாகவே, எழுபது வயதைக் கடந்தபின் தூரிகையை ஏந்தினார். 1940ஆம் ஆண்டு, தம் எண்பதாம் வயதில், நியூயார்க் நகரில் தனிக் கண்காட்சி கண்டார். 101 ஆண்டுகள் வாழ்ந்து 1961இல் மறைந்தார். கை தளர்ந்தால் கருவியை மாற்றலாம். அதுவும் இயலாதபோது அருகிருந்து சொல்லிக் கொடுக்கலாம்.

எம் இல்லத்தில் பாட்டியார் பழஞ்சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த போர்வை ஒன்று உளது. அதன் விளிம்பில் ஓரிடம் பிரிந்துவிட்டது. அத்தையலை மீண்டும் இட எம்மில் எவருக்கும் தெரியவில்லை. அவர் இருபது ஆண்டுகள் எம்முடன் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார். நாங்கள் ஒருநாளும் கேட்டோமில்லை. அப்போர்வையைக் காணுந்தோறும் நெஞ்சு உறுத்துகிறது.

ஆதலின், இல்லத்தார் இம்மூன்றையும் மேற்கொள்வாராக.

1. வீட்டு முதியவரிடம், ‘உங்களுக்குத் தெரிந்த ஒரு கைவேலையை எனக்குக் கற்றுத் தாருங்கள்’ என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

2. ஒரு பருத்தித் துணியும் நூலும் ஊசியும் வாங்கி வைப்போம். பட்டுப்புழுவின் உயிருக்கு இரங்கிப் பருத்தியையே விரும்பும் நம் இல்லங்களுக்கு இது பொருத்தமானதே.

3. தைத்தது கோணலாயினும் அதில் அவர் பெயரையும் நாளையும் எழுதிப் பாதுகாப்போம்.

முதியோரே, ‘எனக்கு என்ன தெரியும்?’ என்று ஒதுங்காதீர். சிட்லிங்கி மூதாட்டியரும் தாம் அறிந்ததன் விலையை, ஒருவர் கேட்கும்வரை அறிந்திருக்கமாட்டார். இளையோரே, நாளை கேட்கலாம் என்று தள்ளாதீர். இன்று மாலையே அருகில் சென்று அமர்வீராக.