மாதவிடாய்க்கு முன் வரும் மார்பக நோ

நீர்வேலியில் வாழைக்குத் தண்ணீர் மாறும், வெங்காயம் நடும் பெண்களுக்கு உடல் நோ புதிதல்ல. ஆனால் மார்பகத்தில் நோ வந்தால் வாய்திறப்பதில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து, பாடசாலைகளிலும் உறவினர் வீடுகளிலும் ஒதுங்கியபோது, உடை மாற்றவே மறைவிடம் இருக்கவில்லை. அப்படி வாழ்ந்த பெண்கள் இந்த நோவை யாரிடம் சொல்வது? சொல்லாமல் விடுவதால் இரண்டு கேடுகள் வருகின்றன. ஒன்று, புற்றுநோயோ என்ற வீண் பயம். மற்றது, உண்மையான நோயைக் காலந்தாழ்த்திக் கண்டுபிடிப்பது. ஆகவே இதை நாம் விளங்கிக்கொள்வோம்.

ஏன் வருகிறது?

மாதந்தோறும் சூலகத்தில் சுரக்கும் ஓமோன்கள் கருப்பையை மட்டுமன்றி மார்பகத்தையும் தயார்ப்படுத்துகின்றன. பாற்சுரப்பிகள் பருத்து, நீர் தேங்குகிறது. இதனால் மாதவிடாய்க்கு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் முன்பே பாரமும் நோவும் தொடங்கும். பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். அக்குள் வரையும் பரவும். மாதவிடாய் வந்ததும் தணிந்துவிடும். இது புற்றுநோயின் அடையாளமல்ல.

குடும்பத்திட்டமிடல் மாத்திரையும் ஊசியும் சிலருக்கு இந்நோவைத் தரலாம். அவற்றை நாமாக நிறுத்தாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்போம்.

வாழைக்குலை தூக்கிய பின்னோ, கிணற்றில் தண்ணீர் அள்ளிய பின்னோ நோ வந்து, கையை அசைக்கும்போதும் விலா எலும்பை அழுத்தும்போதும் கூடினால், அது நெஞ்சுத் தசை நோவாக இருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டு நாட்காட்டியில் மாதவிடாய் நாளையும் நோவுள்ள நாட்களையும் குறியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் ஒழுங்கு தெரியவரும். அது தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.
2. அளவான, நன்கு தாங்கும் பிரேசியர் அணியுங்கள். நோ கூடிய நாட்களில் இரவிலும் மெதுவானதொன்றை அணியலாம்.
3. இளஞ்சூட்டு ஒத்தடமோ குளிர்ந்த துணியோ, எது சுகம் தருகிறதோ அதை வையுங்கள்.
4. தேவையானால் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் 1 அல்லது 2 மாத்திரை, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். 24 மணித்தியாலத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது. ஈரல் நோயுள்ளவர்களும் மிக மெலிந்தவர்களும் வைத்தியரைக் கேட்ட பின்பே எடுக்கவேண்டும்.

எப்போது தாமதிக்கக்கூடாது?

மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி. தோல் குழிவிழுதல் அல்லது தடித்தல். முலைக்காம்பு புதிதாக உள்ளிழுத்தல். காம்பிலிருந்து இரத்தம் கசிதல். மாதவிடாய் முடிந்தும் ஓரிடத்தில் நிற்கும் நோ. இவற்றில் ஒன்றிருந்தாலும் வைத்தியரிடம் போகவேண்டும். நோ இல்லாத கட்டியையும் அலட்சியம் செய்யலாகாது. பாலூட்டும் தாய்க்கு மார்பகம் சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே காட்டவேண்டும்; பாலூட்டுவதை நிறுத்தவேண்டாம்.

மாதவிடாய் தொடங்கி 7 முதல் 10 நாட்களுக்குள் மார்பகங்களைத் தடவிப் பார்ப்பது நல்லது. அப்போது வீக்கம் குறைந்திருக்கும்.

எங்கே போவது?

இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 இல் தொடங்கப்பட்டன. அங்கே மார்பகப் பரிசோதனை இலவசம். நீர்வேலிப் பெண்கள் கோப்பாய் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கிளினிக் நாளை அறியலாம். மேலதிக பரிசோதனைக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவும் உண்டு. இடம்பெயர்ந்து வேறு ஊரில் இருப்பவர்கள் அவ்வூர்க் குடும்பநல உத்தியோகத்தரையே நாடலாம்.

மாதர் குழுவில் கலந்துரையாட

1. நோவைச் சொல்லவிடாமல் எம்மைத் தடுப்பது எது?
2. கிளினிக் நாளில் ஒருவரின் பிள்ளைகளையும் தோட்டத்தையும் மற்றவர் பார்த்துக்கொள்ள என்ன ஒழுங்கு செய்யலாம்?